அந்தரங்கம் காக்கும் பெற்றோர்

இப்போதைய பெற்றோரைப் பாராட்டியே ஆக வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால், "என்னடா ஆச்சு?" என்று கேட்கும் அநாகரிகமெல்லாம் அவர்களிடம் கிடையாது. பிள்ளையின் அந்தரங்கத்தை மதித்து நேரே கூகுளிடம் போய்விடுகிறார்கள்.

கூகுள் தங்கமான மனுஷர். எதையும் சின்னதாகச் சொல்ல மாட்டார். ராத்திரி பத்து மணிக்கு 'பையன் பேச மாட்டேன் என்கிறான்' என்று ஆரம்பித்தால், பன்னிரண்டுக்குள் நான்கு நோய்கள் உறுதி. யூடியூப் ஜோதிடர் ஐந்தாவதைச் சேர்த்துப் பரிகாரமும் சொல்லிவிடுவார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வல்லாரைக் கீரை வந்து சேரும், கூடவே, "எங்க காலத்துல இதெல்லாம் ஏதுப்பா?" என்று பெரியப்பாவின் குரல் பதிவு. பாவம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் எதற்கு அத்தனை பேர் மெனக்கெட்டுப் படிக்கிறார்களோ!

பிள்ளைகள் போன் பார்ப்பதைக் குறைக்க அருமையான வீடியோ ஒன்று இருக்கிறது. ஓடுவது நாற்பது நிமிடம், விளம்பரம் தனி.

நண்பர் ஒருவர் இப்படி முழுத் தகுதி பெற்றபின், துணிந்து பையனின் போனை எடுத்துப் பார்த்தார். அவன் கடைசியாகத் தேடியிருந்தது: 'அப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல் போன் பார்க்கிறார், யாரிடம் சொல்வது?' கீழே 14416 என்று குறித்தும் வைத்திருந்தான்.

அது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். அப்பாக்களும் கூப்பிடலாம்.