மானிட்டருக்கு மட்டும் கச்சேரி

லினக்ஸ் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மச்சினன் இருப்பான். கணினியில் எது நின்றுபோனாலும் அவன் கையில் ஒரே மருந்து: "பேசாம விண்டோஸ் போட்டுடலாம் மாமா." சொல்லும்போதே சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் எட்டிப் பார்க்கும்.

பழைய மானிட்டர் கண்ணை மூடியதால் புதிதாக ஒன்று வாங்கி, எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் போய்விட்டது. சாயங்காலம் யூடியூபில் கச்சேரி கேட்பது அப்பாவின் வழக்கம். பாகவதர் வாயைத் திறக்கிறார், கையை வீசுகிறார், தொடையில் தட்டுகிறார். சுருதிகூட வெளியே வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆதி தாளம்தான். ராகம்தான் பிடிபடலை" என்றார்.

லினக்ஸில் சத்தம் ஒரே ஆள் பார்க்கிற வேலை இல்லை. அடியில், லினக்ஸின் கருவான கெர்னலோடு ஒட்டிக்கொண்டு அல்சா இருக்கிறது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலில் அது பழைய ஓஎஸ்எஸ்ஸின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. 2007-இல் ஃபெடோரா 8, மறு வருஷம் உபுண்டு 8.04 என்று, லினக்ஸ் வகைகளில் ஒவ்வொன்றாக அல்சாவின் தலைமேல் பல்ஸ்ஆடியோ ஏறியது. அந்தக் காலத்தில் சத்தம் வரவில்லை என்று யாரிடம் போனாலும் பல்ஸ்ஆடியோவைத்தான் முதலில் திட்டுவார்கள். இப்போது அந்த இடத்தில் பைப்வயர். 2021-இல் ஃபெடோரா 34, 2022-இல் உபுண்டு 22.10. எந்தச் சத்தம் எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்க பைப்வயருக்கு வயர்பிளம்பர் என்று ஓர் உதவியாளர் வேறு. (முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். விளக்கத்தைப் பாதியிலேயே நிறுத்தினார். "புரியுது. எந்த டேபிள்ல கேட்டாலும், ஃபைல் இங்கேர்ந்து போயாச்சுன்னு சொல்லுவான்."

அட்சரம் பிசகாமல் அதுதான் நடந்தது. டெர்மினலில் அல்சாவைக் கேட்டேன். இரண்டு சவுண்ட் கார்டு இருப்பதாகச் சொன்னது. பைப்வயர் ஓடிக்கொண்டிருந்தது. வால்யூம் கண்ட்ரோலைத் திறந்தால், பாட்டுக்கு ஏற்றபடி பட்டை துள்ளித் துள்ளி விழுகிறது. தனி ஆவர்த்தனத்தில் அது ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! அறையில் மட்டும் மின்விசிறிச் சத்தம்.

பட்டை ஆடுகிறதென்றால் பாட்டு எங்கேயோ போய்ச் சேர்கிறது. எங்கே? புது மானிட்டரின் முதுகைத் தடவினேன். எச்டிஎம்ஐ துளைக்குப் பக்கத்தில் சின்னதாக வட்டத் துளை. ஹெட்ஃபோனைச் செருகினேன். பாகவதர் உள்ளே நிரவலில் இருந்தார்! எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு ஒலியையும் சுமக்கும். கேபிளைக் கண்டதும் கணினி மொத்தக் கச்சேரியையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. மானிட்டருக்கு ஸ்பீக்கர் உண்டா இல்லையா என்று விசாரிக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

செட்டிங்ஸில் போய் ஸ்பீக்கர் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதும் மௌனம். மச்சினன் பென் டிரைவை மேசையில் வைத்தான்.

கடைசி ஆயுதம் அல்சாமிக்ஸர். டெர்மினலுக்குள் திறக்கும் கறுப்புத் திரை. அதில் வரிசையாகத் தூண்கள், அடியில் பச்சை, நடுவில் வெள்ளை, உச்சியில் சிவப்பு. எஃப்6 விசையை அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் நமக்கு வேண்டிய தூண்கள் வரும். முன் ஸ்பீக்கர் தூண் உச்சிவரை ஏறி நின்றது. அதன் காலடியில் 'எம்எம்' என்று இரண்டு எழுத்து. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எத்தனை மில்லிமீட்டர்?" என்றார். அந்த எம்எம்முக்கு அர்த்தம், வாய் கட்டியிருக்கிறது என்பது. வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் பிரயோசனம் இல்லை. எம் விசையைத் தட்டியதும் அது இரண்டு பூஜ்யமாக மாறியது. வாய்க்கட்டு அவிழ்ந்தது என்று பொருள். சத்தம் அப்போதும் இல்லை.

அம்புக்குறியை வலது கோடிவரை ஓட்டினேன். 'ஆட்டோ-மியூட் மோட்' என்று ஒன்று ஒதுங்கி நின்றது. முன்பக்கத் துளையில் ஹெட்ஃபோனைச் செருகினால் ஸ்பீக்கரை அடக்குவது இதன் வேலை. செருகியிருப்பதைக் கணினிக்குச் சொல்வது துளைக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகடு. கேபிள் மாட்டுவதற்காக கேபினெட்டை இழுத்துத் திருப்பியதில் அந்தத் தகடு மடங்கிக்கொண்டது போலும். இல்லாத ஹெட்ஃபோன் இருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தது. அந்த மோடை அணைத்தேன்.

மங்களம் காதில் விழுந்தது. "மத்யமாவதி," என்றார் அப்பா, கேட்காமலே.

அமைப்பு மறந்துபோகாமல் இருக்க 'அல்சாசிடிஎல் ஸ்டோர்' கட்டளையையும் கொடுத்து வைத்தேன். மச்சினன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு காபி கேட்டான்.

அல்சாவில் கை வைப்பவர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விண்ணப்பம்: அந்த எம்எம்மை எடுத்துவிட்டு, வாய் கட்டியிருக்கிறது என்று முழுசாக எழுதுங்கள். கட்டத்துக்குள் இடம் போதாதென்றால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டாலும் சரி.