எச்சில் வாடகை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடைவீடு வாங்கியிருக்கும் புது முதலாளிக்கு வணக்கம். மலாக்காவோடு சேர்த்து 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய ஊரில் உங்களுக்கு ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. சுவர் என்றுதான் சொல்கிறேன். கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்று நடந்த கட்டடத்தில் இரண்டையும் கழித்தால் மிச்சம் வேறென்ன?

அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை. முகப்பைக் குறுக்கி, உள்ளே ரயில்பெட்டி மாதிரி நீட்டிவிட்டு, வெளிச்சத்துக்காக நடுவில் கூரையில்லாத முற்றம் வைத்தார்கள். மழை அதில் விழும். சூடான காற்று அதன் வழியே ஏறிப் போய்விடும். காசில்லாத குளிர்ச்சி! நீங்கள் அதற்குக் கண்ணாடி மூடி போட்டு, வெக்கை தாங்காமல் ஏர்கோன் மாட்டியிருக்கிறீர்கள்.

சுவருக்குச் சுண்ணாம்புக் கலவை பூசியிருந்தார்கள். கடலோர ஊரில் தரையிலிருந்து ஈரம் உப்போடு சுவரேறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிட்டுத் தான் மட்டும் பொடியாக உதிரும், மறுபடி பூசிக்கொள்ளலாம். அதையெல்லாம் கொத்தி எறிந்துவிட்டு சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டீர்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு செங்கல்லைத் தின்கிறது. கவலைப்படாதீர்கள். செங்கல் கொட்டுவதற்குள் நீங்கள் விற்றிருப்பீர்கள்.

வாசலில் ஐந்தடி. வெயில் மழை படாமல் ஜனங்கள் நடக்க 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட திட்டத்தில் இருந்த நடைபாதை, இங்கேயும் வந்து சேர்ந்தது. உங்கள் காபிக்கடை மேசை நாற்காலிக்கு அதைவிடத் தோதான இடம் ஏது? நடப்பவர்கள் நடுரோட்டில் காரோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டிருந்தது. அந்தச் சட்டத்தைப் புகழ நான் வரவில்லை. அற்ப வாடகைக்கு எந்த வீட்டுக்காரர் ஓடு மாற்றுவார்? ஆனாலும் சூலியா தெருவைச் சுற்றி ஏழைபாழைகள் அந்த ஓட்டைக் கூரையின் கீழேதான் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். 2000 ஜனவரி 1இல் கடிவாளம் கழன்றது. குடும்பங்கள் மூட்டை கட்டின.

காலியான மாடிகளுக்கு யார் குடிவந்தார்கள் தெரியுமா? உழவாரன் குருவிகள். சன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தார்கள். எச்சிலால் அது கட்டும் கூடு சூப்புக்குப் போகிறது, நல்ல காசு. காலம் முழுக்கத் தையல் மிஷின் மிதித்த மனிதனால் கொடுக்க முடியாத வாடகையைக் குருவி துப்பிக் கொடுத்தது! 2013 முடிவதற்குள் பாரம்பரிய வட்டாரத்தை விட்டுக் குருவியைக் கிளப்பச் சொன்னது மாநில அரசு. அப்புறம்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வழி இன்னும் அகலமானது.

பட்டியலில் ஏற்றியதற்கு யுனெஸ்கோ சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த ஊர் பல இன மரபுக்கு உயிருள்ள சாட்சி என்பது. சாட்சியை அடித்து விரட்டிவிட்டுக் கூண்டுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம், வெட்கமில்லாமல்.

ஆர்மீனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படமெடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், வாடகை பாக்கியும் வைக்காது. நீங்கள் தேடுகிற குடித்தனம் அதுதானே?

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் கடைவீட்டில் முன்பிருந்த தையற்கடையின் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிடாதீர்கள். படத்தில் நன்றாக விழும். மாடியறைக்கும் 'தையற்காரர் அறை' என்றே பெயர் வைத்து ஒரு ராத்திரிக்கு அவருடைய பழைய மாத வாடகையைப்போலப் பல மடங்கு வாங்குங்கள். அந்த மனிதரே என்றைக்காவது வந்து ஐந்தடியில் நின்றால் விரட்டவேண்டாம், மரியாதைக் குறைவாக இருக்கும். காபி விலையைச் சொல்லுங்கள், போதும்.