கடலோடி சொன்னால் செல்லாது

வாடகைப் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றுவது பணக்காரச் சுகம் என்று நினைப்பவர்கள் முதலில் அதன் கழிவறைக்குள் ஒரு தடவை போய்வர வேண்டும். ஆள் உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும். பக்கத்தில் ஒரு அடிபம்பு. அதன் விசையை ஒரு பக்கம் தள்ளி அடித்தால் கடல்நீர் உள்ளே வரும், மறுபக்கம் தள்ளி அடித்தால் எல்லாம் வெளியே போகும். பக்கம் மாறினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. “வயிற்று வழியாக வந்ததைத் தவிர வேறெதுவும் இதற்குள் விழக்கூடாது, காகிதம்கூட” என்று கேப்டன் முதல் நாளே எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்.

ஏற்பாடு ஜெர்மனியில் இருக்கும் என் மனைவியின் தம்பியுடையது. “அத்தான், நீங்க சும்மா வந்து உக்காந்தாப் போதும்” என்றான். குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரை. அந்த நாட்டுக்குத் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 1,200-க்கு மேல் உண்டு. அத்தனையிலும் ‘சும்மா உட்கார’ ஓர் இடம்கூட இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

புறப்பாடு ஸ்பிலிட் நகரத்திலிருந்து. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305-இல் தானாகப் பதவியை விட்டு இறங்கி வந்து குடியேறிய அரண்மனைதான் இன்றைக்கு ஊரின் நடுப்பகுதி. தானாக இறங்கினார் என்றதும் என் மனைவி, “யாரு சொன்னா?” என்று கேட்டாள். திரும்பி வந்து ஆட்சி செய்யுங்கள் என்று கெஞ்சியவர்களிடம், நான் போட்டிருக்கும் முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்றாராம். அரண்மனைச் சுவருக்குள் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்கிறது. பாவம், அவர் தமக்கென்று கட்டிக்கொண்ட சமாதி மண்டபம் பிற்பாடு தேவாலயமாகிவிட்டது. அதுவும் யார் பெயரில்? அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்ட பிஷப் டோம்னியஸ் பெயரில்.

இந்தப் படகுகள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை கிளம்பி அடுத்த சனிக்கிழமை காலை திரும்புபவை. அதனால் சனிக்கிழமை மாலையில் படகுத்துறை திருமண மண்டபத்துச் சமையற்கட்டு மாதிரி இருக்கும்: தண்ணீர் கேன்கள், தர்பூசணிகள், தொலைந்துபோன குழந்தைகள். வாடகை நிறுவனத்துப் பையன் ஒரு பட்டியலோடு வந்தான். கரண்டி, தலையணை, வாளி, நங்கூரம், பாய்க்கயிற்றை முறுக்கும் வின்ச் கைப்பிடி இரண்டு. மச்சினன் எல்லாவற்றுக்கும் எண்ணிக் கையெழுத்துப் போட்டான். முன்பணம் எவ்வளவு என்பதைத் தன் அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

முதல் தீவு பிராச். டயோக்ளீஷியன் அரண்மனைக்குக் கல் வெட்டியது இங்கேதான். அதோடு நிறுத்தாமல், வாஷிங்டன் வெள்ளை மாளிகையும் எங்கள் கல்தான் என்கிறார்கள் தீவுக்காரர்கள். அந்த மாளிகைச் சுவரின் கல் வர்ஜீனியாவில் வெட்டியது, மேலே பூசியது வெறும் வெள்ளைப் பெயின்ட். இதை நான் சொன்னபோது கேப்டன் என்னைப் பார்த்த பார்வையில், இரவு எனக்கு மீன் கிடைக்குமா என்ற கவலை வந்துவிட்டது.

கேப்டன் நல்ல மனிதர். அவருடைய ‘பத்து நிமிடம்’தான் புரியவில்லை. பத்து நிமிடத்தில் காற்று வரும், பத்து நிமிடத்தில் தீவு வரும், பத்து நிமிடத்தில் உங்கள் மனைவிக்குக் குமட்டல் நின்றுவிடும். எதுவும் நடக்கவில்லை. கோடையில் அங்கே முற்பகலுக்கு மேல் மாயேஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று எழுந்து பொழுது சாயும்போது அடங்கும். அதை நம்பித்தான் பிழைப்பு. காற்று பிடித்தாலும் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர், அதாவது சைக்கிள். ஸ்பிலிட்டிலிருந்து பயணிகள் படகில் ஏறினால் ஹ்வார் தீவுக்கு ஒரு மணி நேரம் சொச்சம். நாங்கள் அதைப்போல எத்தனையோ மடங்கு காசு கொடுத்து, பிராச்சிலிருந்து ஒரு பகலெல்லாம் போய்ச் சேர்ந்தோம்.

காற்று ஏறினால் படகு ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டுதான் ஓடும். “ஏலே, படகு கவுருது, அந்த ஆளுகிட்ட சொல்லு!” என்று என் மனைவி தம்பியை உலுக்கினாள். அடியில் பெருங்கனம் தொங்குகிறது, படகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அது கவிழ விடாது என்று கேப்டன் விளக்கினார். “எவ்ளோ நேரத்துல நிமிருமாம்?” என்றாள். பத்து நிமிடம்.

சமையலறை அடுப்பு ஒரு தனி விநோதம். படகு எப்படிச் சாய்ந்தாலும் அது மட்டும் ஊஞ்சலாடித் தன்னை நேராக வைத்துக்கொள்ளும். ஆகவே தோசை வட்டமாகத்தான் வந்தது, ஊற்றியவள்தான் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவ்வூர் மீனில் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் தவிர வேறு துணை கிடையாது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மிளகாய்ப்பொடியைக் கேப்டன் முதலில் மோந்து பார்த்தார், அடுத்த வேளை கேட்டு வாங்கினார், அப்புறம் டப்பாவையே தம் பக்கம் வைத்துக்கொண்டார். தண்ணீர் விஷயத்திலும் எங்களிடம் அவருக்கு ஏக மரியாதை. தொட்டித் தண்ணீரை இரண்டே நாளில் தீர்க்கும் கூட்டங்களைத்தான் அதுவரை ஓட்டியிருக்கிறாராம். 2019 தண்ணீர்ப் பஞ்சக் கோடையைச் சென்னையில் கழித்தவர்கள் அரை வாளியில் குளித்து மிச்சத்தில் துணியும் அலசுவார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஹ்வார் நகரத்தில் 1612-இல் கட்டிய பொது அரங்கம் இருக்கிறது, ஐரோப்பாவின் பழைய அரங்கங்களில் ஒன்று. ஆனால் நிஜமான நாடகம் தினமும் சாயங்காலம் துறையில்தான், அனுமதி இலவசம். படகைப் பின்பக்கமாகவே கொண்டுவந்து, இரண்டு படகுகளுக்கு நடுவில் செருக வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் கையில் கோப்பையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எவன் இடிக்கப் போகிறான் என்று காத்திருப்பார்கள். அணியத்தில் என்னை நிறுத்தி, கையில் துரட்டியைக் கொடுத்து, கடலடியில் கிடந்து வரும் கயிற்றை அள்ளச் சொன்னார்கள். பாசியும் சிப்பியும் அப்பிய கயிறு. அள்ளினேன். சட்டைக்கு என்ன ஆனது என்பது பார்வையாளர்களின் கைத்தட்டலில் தெரிந்தது. நாங்கள் கட்டி முடித்த மறுநிமிடமே மச்சினன் நாற்காலி எடுத்துப் போட்டான். அடுத்த படகு வந்துகொண்டிருந்தது.

விஸ் தீவு யூகோஸ்லாவிய ராணுவத்தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவர் கால்வைக்க முடியாது. பாறையைக் குடைந்து நீர்மூழ்கிக்கு ஒரு சுரங்கம் வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் நாங்கள் தர்பூசணி தின்றோம்.

அங்கிருந்து கோர்ச்சுலா போகும் வழியில்தான் ஜூகோ வந்தது. தென்கிழக்கிலிருந்து மேகத்தோடும் புழுக்கத்தோடும் ஏறிவரும் காற்று, மனுஷர் புத்தியைக் கெடுக்கும் என்று பெயர் வாங்கியது. அந்நாள் துப்ரோவ்னிக் குடியரசில் ஜூகோ வீசும்போது சபை சட்டம் இயற்றாது என்று மாலுமிகள் சொல்வார்கள். நம்பினேன். அன்றைக்குப் படகில் அக்காவும் தம்பியும் 20 வருடத்துக்கு முந்தைய வீட்டுப் பாகப்பிரிவினையை மறுபடி தொடங்கினார்கள். அந்த வேகத்தில் பாயைச் சுருக்கும்போது, மச்சினன் கையிலிருந்த வின்ச் கைப்பிடி துள்ளிக் கடலில் விழுந்தது. “யாரும் பாக்கலைல்லா?” என்றான்.

கோர்ச்சுலா மார்க்கோ போலோ பிறந்த ஊர், ஊர்க்காரர்கள் கணக்கில். வீடு, கோபுரம், டிக்கெட் எல்லாம் இருக்கிறது. ஆதாரம்தான் இல்லை. 1298-இல் இந்தத் தீவையொட்டி நடந்த கடற்போரில் ஜெனோவாக்காரர்கள் வெனிஸ் கப்பல்களை முறியடித்தது மட்டும் நிச்சயம். போலோ சிறைப்பட்டது அந்தப் போரில்தான் என்பது வழக்கு. ஜெனோவாச் சிறையில் அவர் தம் பயணத்தைச் சொல்லச் சொல்ல, கூட இருந்த ருஸ்டிகெல்லோ எழுதினார். இந்த ருஸ்டிகெல்லோ வீரசாகசக் கதைகள் புனைந்தவர்! சொன்னவர் ஊர்சுற்றி, எழுதியவர் கதைக்காரர், இருவருக்கும் பொழுது போகாத இடம்.

ஆனாலும் எனக்குப் போலோமேல் பாசம் உண்டு. எங்கள் பக்கத்துக் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் சொல்லிவைத்தவர் ஆயிற்றே. பாண்டிய நாட்டார் பாத்திரத்தில் வாய் படாமல் தூக்கிக் குடிப்பதைக்கூட விடவில்லை. கூடவே ஒரு வழக்கத்தையும் குறித்திருக்கிறார்: மது குடிப்பவனையும் கடலில் போகிறவனையும் அங்கே சாட்சியாகவோ ஜாமீனாகவோ ஏற்க மாட்டார்கள். கடலில் இறங்குகிறவன் வாழ்க்கையை வெறுத்தவன், அவன் சொல் செல்லாது. இதைச் சொல்லிவைத்தவரே கடலோடிதான் என்பது தனி அழகு.

அந்த வழக்கம் போட்டவர் கேப்டனின் பத்து நிமிடத்தை நேரில் அனுபவித்தவராக இருக்க வேண்டும். அன்று இரவு லும்பார்தாவில் விளையும் கிர்க் என்ற வெள்ளை வைனைக் கேப்டன் ஊற்றிக் கொடுக்க, இரண்டு பிரிவிலும் எங்கள் தகுதி ஒரே மேசையில் பறிபோனது.

ஜூகோ பின்னாலிருந்து தள்ள, திரும்புகாலில் சீக்கிரமே ஸ்பிலிட் வந்துவிட்டோம். சனிக்கிழமை காலை அதே பையன், அதே பட்டியல். வின்ச் கைப்பிடியில் நின்றான். “குடுக்கும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு” என்று மச்சினன் சுத்தமான ஜெர்மனில் சொன்னான். கேப்டன் தூரத்து மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன், நல்ல மலை.

“இல்ல, அப்பாதான் கடல்ல போட்டாங்க. மாமாவும் பாத்தாங்க” என்றது மச்சினனின் எட்டு வயது மகள், பையனுக்குப் புரியட்டும் என்று அதையும் ஜெர்மனில்.

நான் குறுக்கிட்டு, பாண்டிய நாட்டு வழக்கத்தை அந்தப் பையனுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். சிறுமி வைன் தொடவில்லை, வாஸ்தவம். ஆனால் விஸ்ஸிலிருந்து கோர்ச்சுலா வரைக்கும் கடலில் வந்தவள், அதனால் அவள் சாட்சி செல்லாது, வேண்டுமானால் மார்க்கோ போலோவைப் பார்த்துக்கொள். அவன் பொறுமையாக முழுவதும் கேட்டான். கைப்பிடியின் விலையை முன்பணத்தில் கழித்தான். அப்புறம் பேனாவைக் கடலோடிகளிடமே நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.