டொக் டொக்

முந்தாநாள் காரைக்குடியில் ஒரு வீட்டில் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசிக் கீலின் கடைசித் திருகு. வீட்டுக்காரரின் மைத்துனர் வந்தார். நடுவிரல் முட்டியை மடக்கிக் கதவில் டொக் டொக். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: "தேக்கு மாதிரி கேக்கலையே மச்சான்."

எப்படிக் கேட்கும்? அது வேம்பு. வேம்பு என்று பேசி, வேம்புக்குக் காசு வாங்கி, வேம்பில் செய்த கதவு. தேக்குக் குரலில் பேச அது மிமிக்ரியா படித்திருக்கிறது?

நீங்களும் தட்டியிருப்பீர்கள். மறுக்காதீர்கள்.

இதெல்லாம் தேங்காயில் ஆரம்பித்தது என்பது என் கணிப்பு. ஒன்பதைத் தட்டி, ஒதுக்கி, பத்தாவதை எடுத்துவந்து உடைத்தால் அழுகல். அடுத்த வெள்ளிக்கிழமையும் தட்டுவோம். பானை, செங்கல் சரி. விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். தர்பூசணி, பலாப்பழம் எல்லாம் முடிந்து கடைசியில் என் பட்டறை. ஒற்றை விரல்காரர்கள் சாது. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் தட்டிச் சராசரி பார்ப்பார். கார் சாவியால் தட்டுகிறவர்கள் பாலீஷ் காயுமுன்னே வந்துவிடுவார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் கை நடுங்கும். ஒருவர் மாமனாருக்கு போன் போட்டு, போனைக் கதவில் ஒட்டிவைத்துத் தட்டினார். "மாமா, கேக்குதா?" மறுமுனையில் கேட்டதாம். நல்ல மரம் என்றாராம். இன்னொருவர் மைக்கா ஒட்டிய பிளைவுட் அலமாரியைத் தட்டிவிட்டு, "அசல் தேக்குன்னா தேக்குதான்" என்று என் தோளைத் தட்டினார். நன்றி சொன்னேன். பொய் சொன்னது நான் இல்லையே.

நானும் தட்டியவன்தான். தொழில் பழகும்போது ஒருநாள் பலகையைத் தட்டிக் காது வைத்தேன். குருநாதர் கொட்டாப்புளிப் பிடியால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "இது என்ன மரம், சொல்லு" என்றார்.

தேக்கைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் தூண்கள் பர்மா தேக்கு. அதனால் இங்கே பிறந்தவர்களெல்லாம் தங்களைப் பாதி பர்மாக்காரர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். மியான்மர் 2014-இல் முழுக்கட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பேச்சில் மட்டும் பர்மா தேக்குக்குத் தட்டுப்பாடே இல்லை. மா மரத்துக்குச் சாயம் அடித்துவைத்தாலும் பர்மா.

மைத்துனர் அதோடு விடவில்லை. நடுப்பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "லொட லொடன்னு ஆடுதே!" என்றார். ஆடத்தான் வேண்டும். சட்டத்தில் காடி எடுத்து, பலகையைப் பசை போடாமல் செருகி, பக்கத்துக்கு ஒரு நூல் இடம் விட்டிருக்கிறேன். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மரம் நீளவாட்டில் அவ்வளவாக நகராது. அகலவாட்டில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த ஒரு நூல் அதற்கு. காடியைக் கையால் வெட்டி, உளியால் செதுக்கி, பலகை விரல் தள்ளினால் வழுக்குகிற அளவுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. இதையெல்லாம் சொன்னேன். மைத்துனர் கேட்டுக்கொண்டே இன்னொருமுறை தட்டினார்.

வீட்டுக்காரர் சங்கடப்பட்டார். "பசை வச்சு ஒட்டிக் குடுத்துட்டு மிச்ச நாலாயிரத்தை வாங்கிக்குங்க ஆசாரியாரே."

ஒட்ட மாட்டேன். ஒட்டினால் ஐப்பசி மழையில் பலகை உப்பிச் சட்டத்தின் கழுந்தைக் கழற்றும், இல்லாவிட்டால் சித்திரையில் நடுவே பிளக்கும். அப்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். "சின்ன வேலைதான், சும்மா வந்துட்டுப் போங்க" என்பார்கள். அந்தச் சும்மாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தேக்கைக் கண்டுபிடிக்கும் வழியா? நாலாயிரம் வரட்டும்.