ஊதாப் பின்னும் யூஎஸ்பி போர்ட்டும்: ஓர் அகத்திணை ஆய்வு

பழைய கீபோர்டைப் புதிய கணினியில் செருகுவதை வன்பொருள் நூலார் தம் துறையில் அடக்குவர். அது பொருந்தாது, அகத்திணையே அதற்குரிய இடம் என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைவி கீபோர்டு. 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த வட்டப் பின்னை அணிந்தவள். அதில் ஊசிகள் ஆறு, உழைப்பவை நான்கு. மின்சாரம், எர்த், தரவு, தாளம் என்பன அவற்றின் பணிகள். மற்ற இரண்டும் எதற்கு என்று வியப்பவர் எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்திராதவர் என்க. பிற்காலத்தார் கீபோர்டுக்கு ஊதாவும் மவுஸுக்குப் பச்சையும் வகுத்தனர். ஆயினும் மேசைக்கடியில் தவழ்ந்து, இருட்டில் தடவி, ஊசியை வளைக்கும் தொல்வழக்கு மறையவில்லை.

தலைவன், யூஎஸ்பி போர்ட் மட்டுமே உள்ள இன்றைய கணினி. இருவரின் இயல்பும் வேறு. விசை அமுங்கிய மறுகணம் அவள் தானாகவே 11 பிட்டில் செய்தி சொல்லிவிடுவாள். அவனோ, தான் கேட்ட பிறகு வாய் திறப்பவரோடு மட்டுமே பழகியவன்.

இந்நிலையில் கடைத்தெருவில் மலிவாக ஓர் அடாப்டர் கிடைக்கிறது. உள்ளே சில கம்பிகளே, சிப் கிடையாது. இரு மொழியும் கற்ற சாதனங்களுக்கு அது போதும். ஒரு மொழிக்காரியை அதில் மாட்டினால் பின் கச்சிதமாகப் பொருந்தும், 5 வோல்ட் பாயும், நம்லாக் விளக்குகள் ஒருமுறை மின்னும். தலைவன் ஏறிட்டும் பாரான். இதுவே பெண்பாற் கைக்கிளை. 'பொருந்துகிறதே!' என்று கடைக்காரரிடம் வாதிடுவோர் திணை அறியாதோர்.

சிப் வைத்த கன்வெர்ட்டரே தோழி. தலைவி சொல்வதைக் கேட்டு வைத்திருந்து, தலைவன் கேட்கும்போது அவன் மொழியில் உரைப்பாள். தோழியிலும் மெலிந்தவர் உண்டு: 1985இல் பிறந்த, இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஐபிஎம் மாடல் எம் கேட்கும் மின்சாரத்தைத் தர இயலாமல் சிலர் மயங்குவர்.

1984இன் ஏடி கீபோர்டுக்குப் பின் தடிமன். மொழி பிஎஸ்/2 மொழியே. பின்னை மாற்றினால் தோழி ஏற்றுக்கொள்வாள். 1981இன் முதல் பிசி கீபோர்டுக்கும் அதே தடித்த ஐந்தூசிப் பின்தான், மொழியோ வேறு. தோழியருள் பெரும்பாலோர் அதைக் கற்கவில்லை. பின்னை மட்டும் பார்த்து அதை வாங்கிவந்து இணைக்க முயல்வதைப் பெருந்திணையில் வைக்கலாம்.