கையொப்பம் வாங்குபவர்

சவுத்தால் ரயில் நிலையத்தில், குர்முகி எழுத்தையும் தாங்கிய பெயர்ப்பலகையின் கீழ் கானரி வார்ஃப் செல்லும் எலிசபெத் லைன் வண்டிக்காகக் காத்திருக்கும் தமிழர்களுள், மடிக்கணினிப் பையில் தயிர்சாத டப்பாவையும் சுமப்பவர் பிசினஸ் அனலிஸ்ட் இனத்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. சென்னையிலிருந்து 'ஆன்சைட்' (வாடிக்கையாளரின் இடத்திலேயே பணி) வந்த இவரது தொழில் பி.ஆர்.டி. எனும் தேவை ஆவணம் எழுதுவது, அதாவது, ஒரு மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, பணம் கொடுப்பவரும் கட்டிக்கொடுப்பவரும் பின்னாளில் சண்டையிட வசதியாக, முன்கூட்டியே எழுதிவைப்பது.

தேவைகளைக் கேட்டறிய இவர் கூட்டும் கூட்டத்திற்கு, அம்மென்பொருளை நாள்தோறும் தட்டப்போகும் குமாஸ்தாக்கள் வருவதில்லை; அவர்களுடைய மேலாளரின் மேலாளர் வருகிறார். புதிது பழையது மாதிரியே இருக்க வேண்டும், ஆனால் பழையது மாதிரி இருக்கக்கூடாது என்று அவர் கூறுவதை அனலிஸ்ட் முகம் மாறாமல் குறித்துக்கொள்கிறார். 'விரைவாக' என்ற சொல்லை அளக்க முடியாது என்பதால் அதை நீக்கி 'மூன்று விநாடிக்குள்' என எழுதுகிறார்; அந்த மூன்று சென்ற திட்டத்தின் ஆவணத்திலிருந்து வந்தது, அந்த ஆவணத்திற்கு அது எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை.

தேவைகளைத் தரம்பிரிக்க, 1994இல் ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய டாய் கிளெக் வகுத்த 'மாஸ்கோ' முறையைக் கையாளுகிறார். கட்டாயம், அவசியம், இருந்தால் நல்லது, இம்முறை இல்லை என நான்கு படிகள் அதில் உண்டு எனினும், கூட்டம் முடிகையில் எல்லாத் தேவைகளும் முதற்படியிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன.

குமாஸ்தாக்களைக் கேட்காததன் ஆபத்தை இவர் அறியாதவரல்லர். 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் புதிய கணினி முறை குழம்பி, வண்டிகள் செல்ல வேண்டிய இடத்திற்குச் செல்லாமல் தடுமாறியதையும், வண்டியோட்டும் பணியாளர்களைக் கலக்காமல் தேவைகளை எழுதியது விசாரணையில் ஒரு குறையாகச் சுட்டப்பட்டதையும் படம் போட்டு விளக்கி, அடுத்த கூட்டத்திற்கும் மேலாளரின் மேலாளரையே அழைக்கிறார். திட்டம் தாமதமாயிற்றே என்று எவரேனும் கடிந்தால், 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்த எலிசபெத் லைனே 2022 மே 24 அன்றுதான் திறந்தது, ஒரே வண்டி மூன்று வகைச் சிக்னல் முறைகளுக்கு இணங்க வேண்டியிருந்தது என்று தாம் ஏறிவந்த வண்டியையே சாட்சிக்கு இழுக்கிறார்.

தொழில் வீட்டிலும் விடுவதில்லை. சவுத்தால் பிராட்வே கடையில் முருங்கைக்காய் வாங்கிவரச் சொன்ன மனைவியிடம் நீளம், எண்ணிக்கை, கிடைக்காவிடில் மாற்று ஆகியவற்றை எழுத்தில் கேட்டு, "போன வாரம் வாங்கினதுதாங்க" என்ற விடை பெறுகையில், கூட்டத்திற்கு வந்த அந்த மேலாளரின் மேலாளர் குரலே அவருக்குக் கேட்கிறது.

இறுதியில் 'சைன்-ஆஃப்', அதாவது ஏற்புக் கையொப்பம், கிடைக்கிறது. இட்டவர் படித்தது உள்ளடக்கப் பக்கம் மட்டுமே. மறுநாள் காலையே முதல் மாற்றக் கோரிக்கை வந்துசேர, ஆன்சைட் காலம் நீளும் என்று கணக்கிட்ட அனலிஸ்ட், வருத்தம் தெரிவித்து ஒரு பதிலும், வாடகை ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டிக்கக் கோரி வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதமும் அனுப்புகிறார்.