முன்னெழுத்தும் எச் எண்ணும்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இன்று அதே இடத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. கட்டடம் நகரவில்லை, பெயர் மட்டும் 40 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போயிற்று. ஆய்வுத் தரவுத்தளங்கள் இதை இரண்டு கல்லூரியாக எண்ணினால் வியப்பில்லை. ஆய்வாளர்களுக்கும் இதே கதிதான்: அப்பாவின் முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னே போட்டால் ஒரு பேராசிரியர், பின்னே போட்டால் இன்னொருவர். மேற்கோளும் இருவருக்கும் பாகப்பிரிவினையாகிறது. ஆய்வாளரை மேற்கோளால் அளக்க 2005இல் இயற்பியலர் ஹிர்ஷ் தந்த எச் எண்ணோ (தலா குறைந்தது எத்தனை மேற்கோள் பெற்ற அத்தனை கட்டுரைகள் உள்ளன என்பது), 5 கட்டுரைகள் தலா 500 மேற்கோள் பெற்றாலும் 5தான். 20 சுமாரான கட்டுரைகளுக்கு நண்பர்கள் தலா 20 முறை கைகொடுத்தால் 20. எண் இல்லாவிட்டால் சிபாரிசு ஆளுமே என்பார்கள். நியாயம்தான், ஆனால் நண்பர்கள் தரும் மேற்கோளும் சிபாரிசுதான், அடிக்குறிப்பில் வருகிறது. பதவி உயர்வுக் குழுவினரே, எண்ணைக் கேளுங்கள்; கூடவே ஒரு கட்டுரையையாவது படித்துவிடுங்கள்.